கார்க் கொட்டகையில் மரவேலை: பல்தொழில் யந்திரத்தை அமைத்துக்கொள்ளும் முறை

மரவேலை செய்வோர்க்கு இன்றியமையாதன இரண்டு. ஒன்று கருவி, மற்றொன்று இடம். கருவி வாங்கப் பொருளுடையவர்களுள்ளும், அதனை நிறுத்த இடமில்லாதவர் பலர். வட்டவாள், கடைசல் யந்திரம், துளையிடும் யந்திரம் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி நிறுத்துவதாயின், ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தையன்றித் தன்னைச் சுற்றி ஆள் நிற்கவும் மரம் நீளவும் வேறு இடத்தைக் கோரும். இக்குறையை நீக்குவதற்காகவே ஒரே மோட்டாரால் பல தொழில்களைச் செய்யும் யந்திரம் தோன்றியது. எனினும், யந்திரத்தை வாங்கி நிறுத்திய மாத்திரத்தில் பயன் விளைந்துவிடாது. அதனைக் கொட்டகைக்கும், கொட்டகையை அதற்கும், வேலையின் வரிசையை இரண்டிற்கும் பொருந்த அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். அம்முறை இங்கே விளக்கப்படுகிறது.

1. யந்திரத்தின் வரலாறு

இவ்வகை யந்திரங்களுள் மிகப் பரவியது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய ‘ஷாப்ஸ்மித்’ என்பதாகும். இதனை 1940களின் பிற்பகுதியில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் அமைத்தார். இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தபின், போரினின்று திரும்பியோர் பலர் நகர்ப்புறங்களில் சிறு வீடுகள் கட்டிக் குடியேறிய காலம் அது. அவ்வீடுகளில் கார் நிறுத்தும் கொட்டகையே ஓய்வுநேரத் தொழிற்கூடமாகவும் ஆயிற்று. முதலில் வெளிவந்த வகையில் வேகத்தை மாற்ற வேண்டுமாயின் வாரை ஒரு கப்பியினின்று மற்றொரு கப்பிக்கு மாற்ற வேண்டியிருந்தது. 1950களில் வந்த ‘மார்க் 5’ என்னும் வகையில், ஒரு திருகியைத் திருப்புவதாலேயே வேகம் மாறும் அமைப்பு சேர்க்கப்பட்டது. 1970களிலிருந்து ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் இவ்வகை செய்யப்பட்டு வந்தது. பழைய யந்திரங்கள் பல கைமாறி இன்றும் உழைத்துவருதலின், அவ்வகையையே எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் தகும்.

2. யந்திரத்தின் அமைப்பு

இரு கால்களின்மேல் இரண்டு எஃகுக் குழாய்கள் இணையாகக் கிடக்கின்றன. மோட்டாரும் சுழல்தண்டும் அடங்கிய பெட்டி ஒன்று இக்குழாய்களின்மேல் வழுக்கிச் செல்லும். மேஜையைத் தாங்கும் வண்டியும் அவ்வாறே செல்லும். எவ்விடத்தில் வேண்டுமோ அவ்விடத்தில் இவற்றைப் பூட்டி நிறுத்தலாம். சுழல்தண்டில் எதனை மாட்டுகிறோமோ அதற்கேற்ப யந்திரத்தின் தொழில் மாறுகின்றது.

(அ) 10 அங்குல வட்டவாளை மாட்டினால் அறுப்பு யந்திரம்.
(ஆ) உப்புத்தாள் ஒட்டிய 12 அங்குலத் தட்டை மாட்டினால் தேய்ப்பு யந்திரம்.
(இ) முனைகளுக்கிடையே மரத்தைப் பொருத்தினால் கடைசல் யந்திரம். 34 அங்குல நீளமும், 16½ அங்குல விட்டமும் கொண்ட மரம் வரையில் இதில் இடங்கொள்ளும்.
(ஈ) துளைக்கும் அலகை மாட்டிப் பலகையைப் படுக்கவைத்து விளிம்பில் குடைந்தால் கிடைத்துளை யந்திரம்.
(உ) குழாய்களை ஒரு முனையில் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினால் மேலிருந்து துளைக்கும் யந்திரம். இதில் அலகு ஒருமுறை 4¼ அங்குலம் வரை இறங்கும்.

இவ்வளவும் ஏறத்தாழ 6 அடி நீளமும் 2 அடி அகலமுமான இடத்தில், அதாவது 12 சதுர அடியில், அடங்கிவிடுகின்றன.

தனி அறுப்பு யந்திரத்தினின்று இது முக்கியமாக வேறுபடும் இடம் ஒன்றுண்டு. தனி யந்திரத்தில் மேஜை நிலையாக நிற்க, வாள் ஏறி இறங்கும், சாயும். இதில் வாள் நிலையாக நிற்க, மேஜையே ஏறி இறங்கும், மேஜையே சாயும். கொட்டகையில் செய்யவேண்டிய மாறுதல்கள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

3. இடத்தை ஆயத்தஞ்செய்தல்

யந்திரம் நிற்க 12 சதுர அடி போதும். மரம் செல்ல அது போதாது. 8 அடிப் பலகையை நீளவாட்டில் அறுக்கும்போது வாளுக்கு முன்னே 8 அடியும், பின்னே 8 அடியும் வெற்றிடமாக இருக்க வேண்டும். 20 அடி நீளமுள்ள கொட்டகையிலும் இதற்கு நடுவிடமன்றி வேறிடம் இல்லை. ஆகையால், அறுபட்ட மரம் வாயிற்கதவின் வழியே வெளியே செல்லுமாறு யந்திரத்தைத் திருப்பி நிறுத்துவது சிறந்த முறை. உருளும் சக்கரங்களைக் கால்களில் பொருத்திக்கொண்டால் வேலை நேரத்தில் நடுவே இழுத்துக்கொள்ளவும், பிறகு சுவரோரம் தள்ளிவிடவும் இயலும். வேலை தொடங்குமுன் சக்கரங்களை உயர்த்திவிட்டு, கால்கள் தரையில் அழுந்தி நிற்கச் செய்தல் அவசியம்.

கார் நிறுத்தும் கொட்டகையின் தரை, நீர் வடிவதற்காக வாயிலை நோக்கிச் சரிந்திருப்பது வழக்கம். அத்தரையில் யந்திரத்தின் ஒரு கால் ஆடும். ஆடும் யந்திரம் நேராக அறுக்காது. கடைசலில் அதிர்ந்து அபாயமும் விளைக்கும். வேலைக்கென ஓரிடத்தைத் தேர்ந்து, மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலின்கீழ் வேண்டிய கனமுள்ள தகட்டையோ மரத்துண்டையோ இட்டு, கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் வர்ணத்தால் குறித்துவைக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் அதே குறியில் நிறுத்தினால் மீண்டும் சோதிக்கும் வேலை குறையும்.

அறுபட்டு வெளிவரும் பலகையைத் தாங்க ஒரு தாங்கி வேண்டும். வாள் நிலையாக இருந்து மேஜை ஏறி இறங்குவதால், வெட்டின் ஆழம் மாறுந்தோறும் மேஜையின் உயரமும் மாறும். ஆதலின் நிலையான உயரமுள்ள பக்கமேஜை பெரும்பாலும் பயன்படாது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க தாங்கியே ஏற்றது.

4. மின்சாரம்

அமெரிக்க வீடுகளின் சாதாரண மின்சுற்று 120 வோல்ட் அழுத்தமும் 15 அல்லது 20 ஆம்பியர் அளவும் உடையது. மார்க் 5 வகையில் பெரும்பாலும் காணப்படும் மோட்டார் 1⅛ குதிரைச் சக்தி உடையது. அம்மோட்டாரையும் தூசி உறிஞ்சும் கருவியையும் 15 ஆம்பியர்ச் சுற்று ஒன்றிலேயே இணைத்தால், கனத்த மரத்தை அறுக்கையில் காப்பு விசை விழுந்துவிடும். இரண்டையும் வெவ்வேறு சுற்றுகளில் இணைப்பது நன்று. நீண்ட மெல்லிய கம்பி வழியாக மின்சாரம் கொண்டுவந்தால் அழுத்தம் குறைந்து, மோட்டார் சூடேறிக் கெடும். கம்பி குறுகியதாகவும் பருத்ததாகவும் இருத்தல் வேண்டும்.

5. நேர்ப்படுத்தல்

யந்திரம் புதியதாயினும் பழையதாயினும், முதல் மரத்தை அறுக்குமுன் அதனை நேர்ப்படுத்தல் வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்வருமாறு செய்க.

வாளின் ஒரு பல்லில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டு, அப்பல்லை முன்பக்கம் கொணர்ந்து, மேஜையில் வெட்டப்பட்டுள்ள நீள்பள்ளத்திலிருந்து அப்பல் எவ்வளவு தூரத்திலிருக்கிறதென அளந்துகொள்க. பின்னர் வாளைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொணர்ந்து மறுபடியும் அளந்திடுக. இரு அளவும் ஒன்றாயின் மேஜை வாளுக்கு இணையாக உள்ளது. வேறுபடின், மேஜையைத் தாங்கும் ஆணிகளைத் தளர்த்திச் சிறிது திருப்பி மீண்டும் இறுக்கிச் சோதிக்க வேண்டும். ஒரே பல்லை இருமுறையும் அளப்பதன் காரணம், வாளில் சிறு கோணல் இருந்தாலும் அளவு பிழைபடாதிருத்தலேயாம்.

மேஜை சரியானபின், பலகைக்கு வழிகாட்டும் சட்டத்தை அந்நீள்பள்ளத்திற்கு இணையாக அமைக்க. இறுதியில் மூலைமட்டத்தை மேஜைமேல் வைத்து, வாள் மேஜைக்குச் செங்குத்தாக நிற்கிறதா எனப் பார்த்திடுக. இவ்வரிசை மாறலாகாது. மேஜை கோணலாக இருக்கையில் சட்டத்தை நேர்ப்படுத்துவது வீண்.

6. வேகம்

மார்க் 5 வகையின் சுழல்தண்டு நிமிஷத்திற்கு 700 சுற்றுமுதல் 5,200 சுற்றுவரை ஓடும். வேகத்தை மாற்றும் திருகியை யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்ப வேண்டும். நின்றிருக்கையில் திருப்பினால் உள்ளமைப்புக்குச் சேதம் உண்டாகும். வேலை முடிந்து நிறுத்துமுன் வேகத்தை மிகவும் தாழ்த்திவிட்டு நிறுத்துவது நல்ல வழக்கம். அடுத்த முறை எதனை மாட்டி ஓட்டினும் யந்திரம் மெதுவாகவே தொடங்கும்.

கடைசலுக்கு ஒரு கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிஷச் சுற்றால் பெருக்கினால் வரும் தொகை 6,000க்கும் 9,000க்கும் இடையில் இருக்க வேண்டும். அதன்படி:

3 அங்குல மரத்திற்கு 2,000 முதல் 3,000 சுற்று;
6 அங்குல மரத்திற்கு 1,000 முதல் 1,500 சுற்று;
9 அங்குல மரத்திற்கு ஏறத்தாழ 670 முதல் 1,000 சுற்று;
15 அங்குல மரத்திற்கு 400 முதல் 600 சுற்று.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். யந்திரத்தில் 16½ அங்குல மரம் இடங்கொள்ளுமாயினும், 700 சுற்றுக்குக் கீழே அது ஓடாமையால், 13 அங்குலத்திற்கு மேற்பட்ட மரம் அதில் கடையத்தக்கதன்று. உருட்டப்படாத, நிறை ஒத்திராத மரமாயின் 9 அங்குலத்திற்குள்ளேயே நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. பெரிய பாத்திரங்கள் கடைய விரும்புவோர், வேகத்தை மேலும் தாழ்த்தும் துணைக்கருவியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

7. பெரிய பலகைகள்

4 அடி அகலமும் 8 அடி நீளமுமுள்ள ஒட்டுப்பலகையை இச்சிறு மேஜையின்மேல் ஏற்றி அறுக்க முயல்வது தவறு. பலகையின் பாரம் ஒருபக்கம் சாய, வாள் பலகையைக் கவ்வும். சில மரச்சட்டங்களைத் தரையில் பரப்பி, பலகையை அவற்றின்மேல் கிடத்தி, நேரான கோல் ஒன்றைப் பிடிப்பான்களால் இறுக்கி, கையில் பிடிக்கும் மின்வாளால் அக்கோலை ஒட்டி முதலில் துண்டுபடுத்துக. ஒவ்வொரு துண்டையும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு அறுத்து, முடிவான அளவை மட்டும் யந்திரத்தில் எடுத்தால், ஒருவரே உதவியாளின்றி வேலையை முடிக்கலாம்.

சாய்வெட்டு வெட்டும்போதும் மேஜையே சாய்வதால், நீண்ட பலகை கீழ்நோக்கி வழுகும். இதற்கு மேஜையைச் சாய்க்காமல், வேண்டிய சாய்வில் செய்த ஆப்புவடிவப் பலகை ஒன்றை மேஜைமேல் இறுக்கி, அதன்மேல் மரத்தை வைத்துச் செலுத்துவது சிறு மரங்களுக்கு எளிய வழியாகும்.

8. வேலையின் வரிசை

இவ்வகை யந்திரத்தின்மேல் சொல்லப்படும் குறை, ஒரு தொழிலினின்று மற்றொன்றுக்கு மாற்றுவதில் காலம் வீணாகிறதென்பது. மாற்றுவதற்குச் சில நிமிஷங்களே ஆகும். ஆயினும் ஒருமுறை மாற்றிவிட்டால் முன் அமைத்த அளவு கலைந்துபோகும். அதனை மீண்டும் அப்படியே அமைத்தல் அரிது. இதற்கு மருந்து, வேலையை முன்கூட்டி வரிசைப்படுத்தலே. ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும்.

12 அங்குல வட்டமான இருக்கையும் கடைந்த நான்கு கால்களும் கொண்ட, 14 அங்குல உயரமுள்ள சிறு மணை ஒன்று செய்வதாகக் கொள்க.

முதலாவது, அறுப்பு. இருக்கைக்கு 1¼ அங்குலக் கனத்தில் 4¼ அங்குல அகலமுள்ள பலகைகள் மூன்று. கால்களுக்கு 1¾ அங்குலச் சதுரச் சட்டங்கள் நான்கு. இவற்றுடன் ஒவ்வோர் அளவிலும் ஓர் உபரித் துண்டு. உபரி இன்றேல், ஒரு கால் பழுதானால் வாளை மீண்டும் மாட்டி அதே அளவை அமைக்க நேரிடும்.

இரண்டாவது, கிடைத்துளை. மூன்று பலகைகளின் மேல்முகங்களையும் குறித்துக்கொண்டு, அம்முகம் ஒரே பக்கம் பார்க்குமாறு வைத்து விளிம்புகளில் முளைத்துளைகள் இடுக. அவ்வாறு செய்தால் எல்லாத் துளைகளும் மேல்முகத்திலிருந்து ஒரே தூரத்தில் அமைந்து, ஒட்டிய பலகைகளின் முகம் சமமாகப் பொருந்தும். இதே சமயத்தில் ஒரு கழிவுத்துண்டில் 1 அங்குலத் துளை ஒன்றும் இட்டுவைக்க வேண்டும். பின்னர் பலகைகளைப் பசையிட்டு இறுக்கி உலரவிடுக.

மூன்றாவது, கடைசல். பசை உலரும் நேரத்தில் நான்கு கால்களையும் கடைந்துவிடலாம். காலின் தலையில் வரும் 1 அங்குல முளையை, முன்பு இட்டுவைத்த கழிவுத்துண்டின் துளையில் நுழைத்துப் பருமன் சரிபார்க்கலாம். அத்துண்டு இல்லாவிடின், சோதனைக்காகவே யந்திரத்தை மாற்ற வேண்டிவரும்.

நான்காவது, தேய்ப்பு. உலர்ந்த இருக்கைப் பலகையை வட்டக்கோட்டிற்குச் சிறிது வெளியே கைவாளால் அறுத்து, மேஜைமேல் இறுக்கிய ஒரு துண்டில் ஆணியை நட்டு, பலகையின் அடிமுக மையம் அவ்வாணியில் சுழலுமாறு வைத்து, விளிம்பைத் தட்டில் தேய்க்க. தட்டின் கீழ்நோக்கி ஓடும் பாதியிலேயே தேய்க்க வேண்டும். மேல்நோக்கி ஓடும் பாதி மரத்தை மேஜையினின்று தூக்கியெறியும்.

ஐந்தாவது, மேலிருந்து துளைத்தல். மேஜையை 10 பாகை சாய்த்து, இருக்கையின் அடிமுகம் மேலே தெரியவும், அதன் மையம் மேஜையின் தாழ்ந்த பக்கம் நோக்கவும் வைத்துத் துளையிட்டால், கால்கள் வெளிப்புறம் விரிந்து நிற்கும். அடியில் ஒரு கழிவுப்பலகை இட்டால் துளையின் மறுவாய் சிதறாது. நான்கு துளைகளும் முடியுமளவும் மேஜையின் சாய்வைத் தொடலாகாது. கடைசியில் முளைகளைப் பசையிட்டுச் செலுத்தி, மேலிருந்து ஆப்பறைக. இருக்கை மரத்தின் இழைக்குக் குறுக்கே ஆப்பு அமையவேண்டும். இழையோடு அறைந்தால் பலகை பிளக்கும்.

இவ்வரிசையில் மாற்றங்கள் நான்கே. வரிசையின்றித் தொடங்கியவர்க்கு இது இருமடங்காவது ஆகும்.

9. அபாயமும் காப்பும்

10 அங்குல வாள் நிமிஷத்திற்கு 3,500 சுற்று ஓடும்போது, அதன் பல் நிமிஷத்திற்கு 9,160 அடி, அதாவது மணிக்கு 100 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. அறுபட்ட மரம் வாளின் பின்பல்லில் சிக்கினால், ஏறத்தாழ அவ்வேகத்திலேயே எதிரே நிற்பவர்மேல் எறியப்படும். விரல் போனபின் எந்தச் சிக்கனமும் ஈடாகாது. ஆகையால் கீழ்க்கண்டவற்றை ஒருபொழுதும் மீறலாகாது.

(அ) எதனை மாற்றுமுன்னும் பிளக்கைக் கழற்றுக. ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. இந்த யந்திரத்தில் மாற்றங்கள் மிகுதியாதலின் இவ்விதி இதற்கு இருமடங்கு முக்கியமானது.

(ஆ) ஒவ்வொரு முறையும் ஐந்து பூட்டுகளைத் தொட்டுப் பார்த்திடுக: மோட்டார்ப் பெட்டி, மேஜையின் வண்டி, மேஜையின் உயரம், மேஜையின் சாய்வு, சுழல்தண்டின் நீட்சி. பெயரத்தக்கனவெல்லாம் பெயராதபடி நிற்கும் வரையில் விசையைத் தொடலாகாது.

(இ) வாளுக்குப் பின்னே பிளவு மூடாதபடி தடுக்கும் தகட்டையும், மேலே மூடியையும் கழற்றாமல் அறுக்க. வாளுக்கு நேர் எதிரே நிற்கலாகாது. குறுகிய மரத்தைத் தள்ளுகோலால் தள்ளுக.

(ஈ) குறுக்கே துண்டிக்கும்போது வழிகாட்டும் சட்டத்தையே அளவாக வைத்து மரத்தை முட்டவைத்தல் தவறு. துண்டு வாளுக்கும் சட்டத்திற்கும் இடையே அகப்பட்டு எறியப்படும். வாளுக்கு முன்னதாகவே நின்றுவிடும் ஒரு கட்டையைச் சட்டத்தில் இறுக்கி, அளவை அதிலிருந்து எடுக்க.

(உ) கையுறை, தொங்கும் சட்டைக்கை முதலியவை சுழலும் கருவிக்கு அருகே கூடா. கண்ணாடி அணிதல் அவசியம்.

(ஊ) மரத்தூசி மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் ஒன்றென்று, புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 1995இல் வெளியிட்ட நூலில் வகுத்தது. கொட்டகைக் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. தூசி உறிஞ்சும் குழாயை வாளின் அடியில் இணைத்து, மூக்கிற்கும் தகுந்த மூடி அணிய வேண்டும்.

(எ) பெட்ரோல் தகரங்களைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு யந்திரத்தை ஓட்டலாகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்து உலர்த்தியபின்னரே எறிய வேண்டும்.

10. பராமரிப்பு

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் கார் கொண்டுவரும் ஈரம் எஃகுக் குழாய்களில் துருவை உண்டாக்கும். துருவேறிய குழாயில் மோட்டார்ப் பெட்டி வழுகாது. மாதம் ஒருமுறை துடைத்து, கட்டிமெழுகு பூசித் தேய்த்துவிடுதல் போதும். எண்ணெய் பூசினால் தூசி ஒட்டிக்கொள்ளும்.

11. யாருக்கு ஏற்றது

ஒரே உருப்படியை நூற்றுக்கணக்கில் செய்து விற்பவர்க்கு இந்த யந்திரம் ஏற்றதன்று. அவர்க்குத் தனித்தனி யந்திரங்களே லாபம். ஒரு சமயம் ஒரு நாற்காலி, ஒரு சமயம் ஓர் அலமாரி என்று வீட்டுக்கு வேண்டியவற்றைச் செய்பவர்க்கும், இடம் சுருங்கியவர்க்கும், வேலையை முன்னரே எண்ணிப்பார்க்கும் பொறுமையுடையவர்க்கும் இது பெருந்துணையாகும். பொறுமையில்லாதவர் மாற்றஞ்செய்யச் சோம்பி, உப்புத்தாள் தட்டால் செய்யவேண்டியதை வாளாலும், கிடைத்துளையிட வேண்டியதைக் கைப்பிடியாகவும் செய்ய முற்படுவர். விபத்துகள் பல அவ்விடத்திலேயே பிறக்கின்றன. வாங்குமுன் தம் கொட்டகையை அளப்பதோடு தம் சுபாவத்தையும் அளந்துகொள்வது நன்று.

பயிற்சி வினாக்கள்

1. மேஜையை நேர்ப்படுத்துகையில் ஒரே பல்லை இருமுறை அளப்பது ஏன்?
2. 5 அங்குல விட்டமுள்ள மரத்தைக் கடையத் தக்க வேகம் எது?
3. அறுபட்ட பலகையைத் தாங்க நிலையான உயரமுள்ள மேஜை ஏன் பயன்படாது?
4. மூன்று தட்டுகள் கொண்ட சுவர் அலமாரி ஒன்றைச் செய்ய வேண்டிய வேலைகளை, மாற்றங்கள் மிகக் குறையுமாறு வரிசைப்படுத்துக.